சின்னஞ்சிறு கைகளுக்கு ஒட்டுச் சித்திரம்



முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுள் சிலர் பென்சிலைப் பிடிக்கவே இடர்ப்படுகின்றனர். அவர்களை மந்தமானவர்கள் என்று எண்ணிவிடுதல் தவறு. பெரும்பாலும் அவர்களுடைய விரல்களுக்கு அதுவரை போதிய வேலை கிடைத்திருக்காது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக எலும்பாக மாறி, ஏறக்குறைய பத்து வயதளவில்தான் எட்டும் தோன்றி முடிகின்றன. ஆகவே, இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து எழுது என்று வற்புறுத்துவதால் பயனில்லை. கிழித்தல், கசக்குதல், கிள்ளுதல், ஒட்டுதல் ஆகியவையே அவ்வயதில் விரல்களுக்குரிய பாடங்களாகும். இந்நான்கையும் ஒருங்கே தரும் விளையாட்டு ஒட்டுச் சித்திரம்.

ஒட்டுச் சித்திரம் என்பது யாது?

தாள், துணி, இலை முதலியவற்றை அட்டையின்மேல் ஒட்டி உருவாக்கும் படமே ஒட்டுச் சித்திரம். இதனைக் கொலாஜ் என்றும் கூறுவர். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிராக் என்னும் ஓவியர்கள் அச்சிட்ட மெழுகுத் துணியையும் சுவர்த் தாளையும் தம் படங்களில் ஒட்டினர். அதன்பின் இம்முறை கலையுலகில் நிலைபெற்றது. மத்தீஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி உடல் தளர்ந்தார். ஆயினும் கத்தரிக்கோலைக் கையிலெடுத்து, வண்ணத் தாள்களை வெட்டி, புகழ்பெற்ற படங்களைப் படைத்தார். 1969இல் வெளிவந்த, பசி மிகுந்த கம்பளிப்பூச்சியைப் பற்றிய எரிக் கார்லின் கதைநூலிலுள்ள படங்களும் வண்ணந்தீட்டிய மெல்லிய தாள்களை வெட்டி ஒட்டியவையே.

வேண்டிய பொருள்கள்

இதற்காகக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. பழைய நாளிதழ், சென்ற ஆண்டின் நாள்காட்டி, தீபாவளி வாழ்த்து அட்டை, தையலில் மிஞ்சிய துணி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் ஆகியவை போதும். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்வோருக்கு மரமே வண்ணப்பெட்டியாகும். இலையுதிரும் காலத்தில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிற இலைகள் தரையெங்கும் கிடக்கும். அவற்றைத் துடைத்து, கனமான புத்தகத்தினுள் ஒரு வாரம் வைத்தால் தட்டையாகிவிடும். செம்பனைத் தோட்டத்தினரும் பட்டணத்தினரும் வாழைச் சருகு, தென்னையோலை, வேலியோரத்துப் பூவிதழ் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

பசை செய்யும் முறை

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு குவளைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைக்கவும். பின்னர் மெல்லிய தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் கஞ்சிபோல் கெட்டியாகும். நன்கு ஆறிய பிறகே குழந்தையிடம் கொடுக்கவும். இது விரைவில் புளித்துவிடுமாதலால் அன்றன்றைக்கு வேண்டிய அளவு செய்வது நலம். பட்டம் ஒட்டுவதற்கு நாம் சோற்றைப் பிசைந்து பூசுவதுண்டல்லவா? அதுவும் ஏற்றதே.

மூன்று பயிற்சிகள்

1. கிழித்து ஒட்டுதல் (ஒன்றரை வயது முதல்): நாளிதழின் ஓரத்தில் சிறிது கிழித்துத் தொடங்கிக் கொடுங்கள். குழந்தை இரு கைகளாலும் இழுத்துக் கிழிக்கும். அட்டை முழுவதும் நீங்கள் பசை பூசிவிட்டால், விரும்பிய இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும்.

2. பஞ்சு ஆடு (இரண்டு வயது முதல்): கால் தாள் அளவு நாளிதழை எலுமிச்சம்பழ அளவு உருண்டையாகக் கசக்கச் சொல்லுங்கள். அட்டையில் ஆட்டின் தலையையும் கால்களையும் வரைந்து கொடுத்தால், உருண்டைகளை ஒட்டி உடலை அமைக்கும்.

3. இலைப் பறவை (மூன்று வயது முதல்): ரப்பர் இலையில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள் உண்டு. ஒன்று உடல், மற்ற இரண்டும் சிறகுகள். கண்ணுக்கு ஒரு தாள் துண்டு போதும். ஒட்டும்போதே வழுவழுப்பு, சொரசொரப்பு, காம்பு, நரம்பு எனத் தமிழ்ச் சொற்களையும் சொல்லிக் கொடுங்கள்.

எச்சரிக்கை

சிறு குழந்தைகள் கையில் கிடைப்பதை வாயிலும் மூக்கிலும் இடுவர். கழிவறைத் தாள்சுருளின் நடுவிலுள்ள அட்டைக் குழாய்க்குள் நுழையக்கூடிய பொத்தான், மணி, பட்டாணி போன்றவற்றை மூன்று வயது நிரம்பாதவர்க்குக் கொடுக்கலாகாது. குன்றிமணி கொடிய நஞ்சாகும். பச்சை ரப்பர் விதையிலும் நஞ்சு உண்டு. இவ்விரண்டும் வேண்டவே வேண்டா. கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருக்கட்டும்; வேலை முடியும்வரை ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

மூத்தோர் கவனத்திற்கு

ஆட்டின் காதிருக்கும் இடத்தில் தம்பி காலை ஒட்டிவிட்டால், அக்காள் அதைப் பிய்த்துச் சரிசெய்ய முற்படுவாள். படம் அழகாக வேண்டுமென்று தாயும் துணை நிற்பாள். படம் அழகாகிவிடும், ஆனால் மறுநாள் தம்பி கையை மடக்கிக்கொண்டு, "நீயே செய்து கொடு" என்பான். நமக்கு வேண்டியது படத்தின் அழகா, பிள்ளையின் கையா? ஒட்டிய இடத்தில் இருக்கட்டும். "இது என்ன, இப்படிச் செய்திருக்கிறாய்?" என்று கேளாமல், "இதைப் பற்றிச் சொல் தம்பி" என்று கேளுங்கள், அவன் ஒரு கதையே சொல்வான்.

இவ்வயதுக் குழந்தை பத்து நிமிடம் அமர்ந்தாலே மிகுதி. விடியலில் பால் வெட்டச் சென்று களைத்துத் திரும்பும் பெற்றோரும், விடுமுறை நாளில் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க இயலும். தரையில் பசை சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதற்காக அடித்தால் குழந்தையின் மனத்தில் விழும் அச்சத்தைத் துடைப்பது அரிது. படத்தின் பின்புறம் பெயரும் நாளும் எழுதிச் சுவரில் மாட்டி வையுங்கள். ஓராண்டு கழித்துப் புதிய படத்துடன் ஒப்பிட்டால் அந்தக் கையின் வளர்ச்சி உங்களுக்கே விளங்கும்.

மாணவச் செல்வங்களே, இன்று மாலை பள்ளிப்பாடம் முடிந்ததும் உங்கள் தம்பி தங்கையருடன் ஒரு பழைய நாளிதழை விரித்து அமருங்கள். கிழிப்பது அவர்கள் வேலை. பொறுத்திருப்பது உங்கள் வேலை. நாளை அவர்கள் வகுப்பில் அமர்ந்து தம் பெயரைத் தாமே எழுதும்போது, அதில் உங்கள் பங்கும் இருக்கும்.