கடைக் கணினியின் திரை இருண்டால் செய்ய வேண்டியது யாது?

வியாபாரத்திற்குக் கைமுதல் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் கணக்கு. நம் முன்னோர் பேரேட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். இன்று நம்மவரில் அநேகர் அந்தப் பேரேட்டைக் கணினிக்குள் வைத்திருக்கிறோம். பேரேட்டைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினி மௌனமாகிவிட்டாலோ, உள்ளே நடந்தது என்னவென்று அறியாமல் திகைக்கிறோம். அந்தத் திகைப்பில் செய்யும் காரியங்களே பெரும்பாலும் நஷ்டத்திற்குக் காரணமாகின்றன. ஆகவே இவ்விதழில் இவ்விஷயத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

புக்கிட் ரம்பாயில் நம் கடையிலுள்ள கணினிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. ஒருநாள் மாலை இடியுடன் பெருமழை பெய்து ஓய்ந்தது. மறுநாள் காலை கடை திறந்து பொத்தானை அழுத்தினோம். பெட்டிக்குள் காற்றாடி சுழலும் ஓசை கேட்டது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. அதுவோ மாதக் கடைசி. நிலுவைக் கணக்கு, சரக்குப் பட்டியல், வரிக் கணக்கு யாவும் அதற்குள்தான். பார்க்க வந்தவர் ஒருவர், "இடி விழுந்து பெட்டி செத்துப்போச்சு முதலாளி, புதுசு வாங்கிக்குங்க. பழசை நானே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். நாமும் கொடுத்துவிடத்தான் இருந்தோம். கடையில் கணக்கு எழுதும் நம் சகோதரி மகன் குறுக்கே வந்து, "மாமா, கணக்கெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி நம்மைக் காப்பாற்றியது.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே: திரை வேறு, கணக்கு வேறு. நாம் எழுதும் கணக்கு ஹார்டு டிஸ்க் என்னும் பாகத்தில் பதிந்திருக்கிறது. திரையோ, கம்பியோ, ரேம் பலகையோ கெட்டுப்போனால் படம் தோன்றாது. ஆனால் கணக்கு அழிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கடையின் விளக்கு அணைந்தால் சரக்கு காணாமற்போவதில்லை அல்லவா?

இனிப் பரிசோதனைக்கு வருவோம். வெளியிலிருந்து உள்ளே செல்வதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் முக்கியம். நான்கைந்து பாகங்களை ஒருசேரக் கழற்றி மாட்டினால், குற்றம் எதில் இருந்தது என்பது கடைசிவரை விளங்காது. செய்ததையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவது உத்தமம்.

முதலாவது, திரை. அதன் மூலையிலுள்ள சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியாவிட்டால் திரைக்கு மின்சாரம் வரவில்லை. அதன் மின்கம்பியை இருமுனையிலும் அழுத்திச் செருகுங்கள். விளக்கு எரிந்து, சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் தோன்றினால், திரை நலமாயிருக்கிறது. கணினியிலிருந்து படம் வரவில்லை என்று அறியலாம். பழைய விஜிஏ கம்பியில் 15 ஊசிகள் மூன்று வரிசையாக இருக்கும். அதைக் கழற்றி, ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, நேராகச் செருகித் திருகாணியை முடுக்குங்கள். திரையில் படம் வரும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் வேறு வழிக்கு மாறியிருப்பதும் உண்டு. பெட்டியின் பின்புறம் படக்கம்பி செருகும் இடம் இரண்டு இருந்தால், தனியாகப் பொருத்திய கிராபிக்ஸ் அட்டையில் உள்ளதில்தான் செருக வேண்டும். பக்கத்துக் கடைத் திரையைக் கால்மணி நேரம் இரவல் வாங்கிப் பார்த்தால் இச்சந்தேகம் முழுவதும் தீரும்.

இரண்டாவது, கணினி இயங்குகிறதா என்பது. ஓரிரு நிமிடம் பொறுத்து, விசைப்பலகையில் நம் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், உள்ளே வேலை நடக்கிறது. குற்றம் பெரும்பாலும் படத்தின் பாதையில்தான். விளக்கு அசையாவிட்டால் குற்றம் உள்ளே இருக்கலாம்.

மூன்றாவது, மின்சாரம். காற்றாடியே சுழலாவிட்டால், அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். நம் நாட்டு மூன்று ஊசிப் பிளக்கினுள் ஒரு சிறு பியூஸ் உண்டு. அது போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதை மாற்றுங்கள். பெட்டியின் பின்புறச் சுவிட்சையும் கவனியுங்கள். சில பழைய பெட்டிகளில் அதனருகே 115, 230 என்று குறித்த சிவப்பு நிறச் சிறு விசை இருக்கும். நம் நாட்டு மின்சாரத்திற்கு அது 230ல்தான் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தால் நல்ல பெட்டியும் வெடித்துக் கெடும்.

இதற்குமேல் பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்குமுன் மூன்று எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். கையின் நிலைமின்சாரம் நுண்பாகங்களைக் கெடுக்குமாதலால், பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குங்கள். பவர் சப்ளைப் பெட்டியையும், பழைய பெருந்திரையையும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றினுள் ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

நான்காவது, ரேம் பலகை. காற்றாடி சுழன்றும் படம் வராத பழைய கணினிகளில் அடிக்கடி காணும் குற்றம் இதுவே. நம் கடலோர ஈரக் காற்றாலும் தூசியாலும் பலகையின் பொன்னிற விளிம்பில் மங்கல் படிந்து தொடர்பு அறுபடுகிறது. இருபுறக் கொக்கியையும் விடுவித்துப் பலகையை எடுத்து, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அவ்விளிம்பை மெதுவாகத் துடைத்து, துகளை நன்றாகத் தட்டிவிட்டு, விளிம்பிலுள்ள வெட்டுப் பொருந்துமாறு கொக்கிகள் தாமே மூடும் வரை அழுத்துங்கள். இரண்டு பலகை இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, ஓசை. சிறு ஒலிபெருக்கியுள்ள கணினி தன் குறையைப் பீப் ஓசையால் சொல்லும். ஓசைகளின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஆதலால் எத்தனை நீளம், எத்தனை குறில் என்று குறித்துக்கொண்டு, அந்த மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். ரேம் முழுவதையும் எடுத்துவிட்டு இயக்கும்போது பீப் ஒலி எழுந்தால், மதர்போர்டு அடியோடு சாகவில்லை என்று தைரியம் கொள்ளலாம்.

ஆறாவது, கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றி மீண்டும் பொருத்துவது. ஏழாவது, மதர்போர்டிலுள்ள காசு போன்ற சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி. கணினியின் தேதி முன்பே தவறாகக் காட்டி வந்திருந்தால், அது தீர்ந்துவிட்டது என்று கருதி மாற்றலாம். மதர்போர்டிலுள்ள உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வீசினாலோ, அத்துடன் நிறுத்தி நம்பிக்கையான தொழிலாளியிடம் கொடுங்கள்.

நம் கணினி நான்காவது படியில் எழுந்தது. ரேம் பலகையைத் துடைத்துச் செருகியதும் படம் வந்தது. ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. முந்திய நாள் இடியே காரணம் என்று நாமும் வந்தவரும் எண்ணியது தவறு. முன்னால் நடந்ததெல்லாம் காரணமாகிவிடாது. சோதித்துக் கண்டதே காரணம்.

படம் வந்த அன்றே நாம் செய்த முதல் வேலை, கணக்குக் கோப்புகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்ததாகும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்தும் கொண்டோம். மலேசியாவின் 1967ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வியாபாரப் பதிவுகளை 7 ஆண்டுகள் காத்து வைக்கச் சொல்லுகிறது. கணினி பழுது என்பது வரி அதிகாரியிடம் சொல்லத் தகுந்த சமாதானம் அன்று. மின்-விலைப்பட்டியல் முறையும் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது.

எந்தப் படியிலும் எழாவிட்டால் கணினியை விடுங்கள். ஹார்டு டிஸ்க்கை விடாதீர்கள். அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறு கணினியில் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பழுதுக்குக் கொடுக்கும்போது எந்தப் பாகம் கெட்டது என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிடுங்கள். அதில் நம் கணக்கு மட்டுமல்ல, நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயரும் விவரமும் இருக்கின்றன. அவற்றைக் காப்பதும் வியாபார நாணயமே.