விமானப் பயணமும் இருக்கைப் பட்டையும்

கொற்கை, பண்டைப் பாண்டியர்க்குரிய பெருந்துறையாக விளங்கிய ஊர். பொருநை என்னும் தாமிரபரணி ஆறு கடலொடு கலந்த இடத்தில் அஃது அமைந்திருந்தது. ஆறு கொணர்ந்த மண் படியப் படியக் கடல் விலகிச் சென்றது. இன்று கொற்கை கடற்கரையினின்று சில கல் தொலைவிலுள்ள சிற்றூர். எனினும் அதன் முத்து யவனர் நாடு வரை புகழ் பெற்றிருந்ததை வரலாறு மறக்கவில்லை.

அக்கடலில் முத்துக் குளித்தவர்களின் முறை கருதத்தக்கது. குளிப்பவன் கல்லொன்றின் பளுவால் ஆழத்திற்கு இறங்குவான். அவனுடைய கயிற்றின் மறுமுனை படகில் நிற்பவன் கையில் இருக்கும். மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க நிறுத்துவது வழக்கம் என்பர். தன் தங்கையின் தாலியைக் காப்பதில் அவனினும் விழிப்புடையவன் யார்? கடல் கண்ணாடி போல் அமைதியுற்றிருந்த நாளிலும் கயிறு வேண்டா என்று எவரும் கருதவில்லை.

கொற்கைக்கு வடக்கே சில கல் தொலைவில், வாகைகுளத்தில், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது. அங்கு 1992-ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புதிய முனையம் ஒன்று திறக்கப்பெற்றது. முன்னோர் மரக்கலம் ஏறிய நாட்டில் இன்று வணிகரும் ஆசிரியரும் மாணவரும் விமானம் ஏறுகின்றனர். அவர்களுக்கும் ஒரு கயிறு அளிக்கப்படுகிறது. சீட் பெல்ட் என்று வழங்கும் இருக்கைப் பட்டையே அது. நான்கு விரல் அகலந்தானும் இல்லாத அப்பட்டையைப் பயணிகள் பலர் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். விளக்கு எரியும்போது கட்டுகின்றனர். அணைந்தவுடன் அவிழ்த்து விடுகின்றனர். வானம் தெளிவாயிருக்கும்போது கட்டு எதற்கு என்பது அவர்கள் எண்ணம்.

2024-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், லண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி விமானம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதில் 211 பயணிகளும் 18 பணியாளரும் இருந்தனர். முன்னாளில் பர்மா எனப்பட்ட மியன்மா நாட்டின் தென்பகுதிக்கு மேலே, ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில், அது கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கிற்று. விசாரணைக் குழுவினர் பின்னர் வெளியிட்ட முதல் அறிக்கை, நிகழ்ந்ததை நொடிக்கணக்கில் கூறுகிறது. பட்டையைக் கட்டுமாறு விளக்கு எரிந்த 8 நொடிகளுக்குள் பெருங்குலுக்கம் நேர்ந்தது. விமானம் 4.6 நொடிகளில் 178 அடி தாழ்ந்தது.

178 அடி பெரிதன்று. விமானம் தாழ்ந்த விரைவே கேடு செய்தது. மேலிருந்து விழும் கல்லினும் விரைவாக விமானம் கீழே பாயின், அதனோடு கட்டப்படாத மனிதர் தாம் இருந்த உயரத்திலேயே நிற்பர். கூரை இறங்கி வந்து அவர்கள் தலையில் மோதும். பார்ப்பவர்க்கோ, மனிதர் மேலே தூக்கி எறியப்பட்டது போல் தோன்றும். அடுத்த சில நொடிகளில் விமானம் மேல்நோக்கி எழும்போது அவர்கள் தளத்தின்மீது விழுவர். அன்று நிகழ்ந்தது அதுவே. பலர் தலையிலும் முதுகெலும்பிலும் காயமுற்றனர். 73 வயதுடைய பயணி ஒருவர் உயிர் நீத்தார். இதயக் கோளாறு காரணமாகலாம் என்று அப்போது கருதப்பட்டது. விமானம் பாங்காக் நகருக்குத் திருப்பப்பட்டது.

கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டால் போதாதா என்று சிலர் வினவுவர். அன்று பதிவான அளவின்படி, 45 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவனை இருக்கையில் நிறுத்திவைக்க, ஏறத்தாழ 67 கிலோ பளுவுக்கு ஒத்த விசை அவனைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அம்மாற்றமும் ஒரு நொடிக்குள் நேர்ந்தது. கை அதனை உணர்வதற்குள் உடல் இருக்கையை நீங்கிவிடும். கட்டப்படாதவர் தமக்கு மட்டும் கேடு செய்துகொள்வதில்லை. அவர் உடல் பக்கத்திலிருப்பவர் மீதும் விழக்கூடும்.

கடலோடிக்குக் காற்றும் அலையும் முன்னறிவிப்புத் தரும். வானோடிக்கு அந்நற்பேறு எப்பொழுதும் வாய்ப்பதில்லை. விமானத்திலுள்ள ராடார் மேகத்தின் நீர்த்துளிகளைக் கொண்டே புயலை அறிகிறது. துளியில்லாத தெளிந்த வானில் எழும் கொந்தளிப்பு அதற்குப் புலனாவதில்லை. ஆகவே, விளக்கு அணைந்திருப்பது எழுந்து நடக்க இசைவே அன்றி, ஆபத்து இல்லை என்னும் உறுதிமொழி அன்று.

பட்டையைக் கட்டுவதிலும் முறை உண்டு. அது வயிற்றின்மீது கிடத்தலாகாது. இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் அமைய வேண்டும். எலும்பு தாங்கும் விசையை வயிற்றின் உள்ளுறுப்புகள் தாங்கமாட்டா. போர்வை போர்த்தி உறங்குவோர் அதன் மேலாகப் பட்டையைக் கட்டின், பணியாளர் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. காரில் பொத்தானை அழுத்திப் பட்டையை விடுவிக்கிறோம். விமானத்திலோ உலோக மூடியைத் தூக்க வேண்டும். நடுங்கும் கை பழகிய பொத்தானையே தேடும். விமானப் பணிப்பெண் ஒவ்வொரு பயணத்திலும் அதனைச் செய்து காட்டுவது இதன் பொருட்டே. அவ்வேளையில் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வது நாகரிகமும் அன்று, அறிவுடைமையும் அன்று.

சக்கரம் தரையைத் தொட்டவுடன் எழுந்து நின்று மேல்தட்டைத் திறப்பது நம் நாட்டு விமானங்களில் நாளும் காணும் காட்சி. தரையைத் தொட்டதனால் பயணம் முடிந்துவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற விமானம் ஓடுபாதையைத் தொட்டபின் மீண்டும் எழ முயன்றது. சக்கரங்கள் மடங்கிக்கொண்டிருந்த நிலையில் அது பாதையின்மீது வீழ்ந்து, நெடுந்தூரம் உராய்ந்து சென்று நின்றது. ஒரு பொறி கழன்றது, தீ மூண்டது. உள்ளே 282 பயணிகளும் 18 பணியாளரும் இருந்தனர். தரையிறங்கும் நேரமாதலால் பட்டைகள் கட்டப்பட்டிருந்தன.

விமானம் நின்றபின் பட்டையை அவிழ்த்து வெறுங்கையுடன் ஓட வேண்டிய நேரம் வந்தது. காற்றின் வேகத்தால் சறுக்குப் பாதைகள் சில பயன்படாமற் போயின. வழிகள் குறைந்த அவ்வேளையிலும் பயணிகள் சிலர் மேல்தட்டைத் திறந்து பைகளை எடுத்தனர். விட்டுவிட்டு வருமாறு பணியாளர் கூவியும் கேட்டாரில்லை. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தோக்கியோ நகரில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். அவர்கள் பைகளை விட்டுவிட்டு வந்தமை உலகெங்கும் பாராட்டப்பெற்றது.

துபாயிலும் 300 பேரும் பிழைத்தனர். ஆயினும், விமானம் நின்று ஏறத்தாழ 9 நிமிடங்களில் அதன் எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார். அப்போது பயணிகள் யாவரும் வெளியேறியிருந்தனர். விமானத் தலைவரும் மூத்த பணியாளர் ஒருவரும் மட்டும் எவரேனும் எஞ்சியுள்ளனரோ என்று புகையினுள் தேடிக்கொண்டிருந்தனர். வெடிப்பிற்குப் பின்னரே அவ்விருவரும் இறங்கினர்.