பூட்டத் தெரிந்தால் போதுமா?

பேச்சியம்மாளின் ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அவருடைய தம்பி செல்வம் புனே நகரில் இருக்கிறார். அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. கார்க் கதவுகளுக்குப் பூட்டு மாட்டுவதுதான் அவர் வேலை.

ஏப்ரல் மாதம் பள்ளி விடுமுறை விட்டார்கள். பேச்சியம்மாள் தன் பேரனை அழைத்துக்கொண்டு புனேக்குப் புறப்பட்டார். பேரனுக்கு ஆறு வயது. செல்வம் ரயில் நிலையத்துக்குத் தன் காருடன் வந்திருந்தார். பழைய கார்தான். போன வருடம் வாங்கினார்.

பாட்டியும் பேரனும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். கார் புறப்பட்டது. சிறிது தூரம் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் திடுக்கிட்டார்.

"என்ன தம்பி சத்தம்?"

"பயப்படாதே அக்கா. கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. இனிப் பையன் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது."

"அப்படியா! நம் வீட்டுக் கதவை நான்தானே எழுந்து போய்ப் பூட்ட வேண்டும். இது தானே பூட்டிக்கொள்கிறதே!"

வழியில் செல்வம் காரை நிறுத்தினார். பால் வாங்கக் கடைக்குப் போனார். பழக்கத்தில் சாவியின் பொத்தானை அமுக்கிவிட்டார். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகளும் மூடியிருந்தன.

கடையில் அவருடன் வேலை செய்யும் ஒருவர் நின்றிருந்தார். இரண்டு நிமிடப் பேச்சு பத்து நிமிடம் ஆனது.

காருக்குள் அனல் வீசியது. பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. "பாட்டி, மூச்சு முட்டுது" என்றான். பேச்சியம்மாள் கைப்பிடியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினார். சாலை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கை நடுங்கியது.

பையன் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே புகுந்து முன்னால் போனான். அவனுக்கு ஹாரன் அடிக்க ரொம்ப ஆசை. ஸ்டியரிங் நடுவில் கையை வைத்து அமுக்கினான். 'பாம்... பாம்... பாம்...' செல்வம் திரும்பிப் பார்த்தார். பால் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

கதவு திறந்தது. காற்று வந்தது. பேச்சியம்மாள் பேரனை வாரி அணைத்துக்கொண்டார். செல்வத்துக்குப் பேச்சே வரவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனையோ கதவுக்குப் பூட்டு மாட்டுகிறேன். என் அக்காவுக்கு அதைத் திறக்கச் சொல்லித் தரவில்லையே!" என்றார்.

அன்று மாலை செல்வம் அக்காவைக் காருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பூட்டைப் பற்றி எல்லாம் சொன்னார். பேச்சியம்மாள் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கேட்டதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதை நாமும் படிப்போம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

அந்தக் காலத்து அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகக் கையால் பூட்ட வேண்டும். ஒன்றை மறந்தாலும் திருடனுக்கு வழி கிடைத்துவிடும்.

இப்போது வரும் கார்களில் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. எல்லா மோட்டார்களும் வயர் மூலம் பேட்டரியோடு சேர்ந்திருக்கின்றன. சாவியில் உள்ள பொத்தானை அமுக்கினால் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். இதற்குச் சென்ட்ரல் லாக் என்று பெயர்.

சில கார்களில் பொத்தானைக்கூட அமுக்க வேண்டாம். கார் மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகம் எடுத்ததும் கதவுகள் தாமே பூட்டிக்கொள்ளும்.

சாவியில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது? பெரும்பாலும் அந்தச் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை எடுத்து டிரைவர் பக்கக் கதவைத் திறக்கலாம்.

இதனால் என்ன நன்மை?

ஓடும் காரில் குழந்தை விளையாட்டாகக் கதவைத் திறந்துவிடாது. சிக்னலில் நிற்கும்போது வெளியாள் கதவைத் திறந்து பையைப் பறிக்க முடியாது. விபத்து நேர்ந்தால் கதவு பிளந்து, ஆள் வெளியே வீசப்படும் ஆபத்தும் குறைகிறது. ஆனால் பூட்டு மட்டும் போதாது. சீட் பெல்ட்டும் போட வேண்டும்.

பல புதிய கார்களில் இன்னொரு வசதியும் உண்டு. கார் பலமாக மோதிக் காற்றுப்பை விரிந்தால், கதவுகளின் பூட்டு தானே திறந்துகொள்ளும். உதவிக்கு வருபவர்கள் உள்ளே இருப்பவர்களை எளிதில் வெளியே எடுக்கலாம்.

பின்கதவு ஏன் திறக்கவில்லை?

பேச்சியம்மாள் இழுத்தது பின்கதவு. அதில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. இதைச் சைல்டு லாக் என்பார்கள். பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு சின்ன நெம்பி இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியேயிருந்து திறக்கலாம்.

முன்கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டு கிடையாது. பல கார்களில் முன்கதவின் உள் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பூட்டு விடுபடும். மறுபடி இழுத்தால் கதவு திறக்கும். பேச்சியம்மாள் முன்சீட்டுக்கு வந்து கைப்பிடியை இழுத்திருந்தால் அன்றே வெளியே வந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியவில்லை.

வெயிலில் நிற்கும் கார்

வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 45 டிகிரி ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் 55 டிகிரியைக்கூடத் தாண்டலாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு மிக வேகமாகச் சூடேறும்.

2025-ஆம் ஆண்டு மே மாதம். ஆந்திரப் பிரதேசத்தில் விஜயநகரம் பக்கத்தில் துவாரபூடி என்ற கிராமம். விளையாடிக்கொண்டிருந்த நான்கு குழந்தைகள், நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் ஏறினார்கள். கதவு பூட்டிக்கொண்டது. அவர்களால் திறக்க முடியவில்லை. நால்வரும் இறந்துபோனார்கள்.

எனவே நின்றிருக்கும் காரை எப்போதும் பூட்டி வையுங்கள். சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால் கிணற்றையும் குளத்தையும் தேடுவது போலக் காரையும் உடனே பாருங்கள். 'உள்ளே மாட்டிக்கொண்டால் ஹாரனை அமுக்கு' என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும்.

வெள்ளத்தில் சிக்கிய கார்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26. மும்பையில் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சாலைகள் ஆறுகளாயின. கார்களுக்குள் சிக்கிச் சிலர் இறந்தார்கள். புனேயிலும் 2019 செப்டம்பர் 25 இரவு ஆம்பில் ஓடை பொங்கியது. எத்தனையோ வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது.

தண்ணீர் வயர்களில் புகுந்தால் மின்சாரம் போய்விடும். பொத்தான்கள் வேலை செய்யாது. வெளியே உள்ள தண்ணீர் கதவை உள்நோக்கி அழுத்தும். பூட்டு திறந்தாலும் கதவைத் தள்ள முடியாது.

இரண்டு அடி ஆழம் ஓடும் தண்ணீர் ஒரு காரையே இழுத்துவிடும். அதனால் வெள்ளத்தில் காரை இறக்கவே கூடாது. சிக்கிக்கொண்டால் காத்திருக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போதே பக்கக் கண்ணாடியை இறக்குங்கள். முதலில் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். பிறகு நீங்களும் சன்னல் வழியாக வெளியேறுங்கள்.

கண்ணாடி இறங்கவில்லையா? சீட்டின் மேல் உள்ள தலையணையை உருவி எடுங்கள். அதில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். கம்பியின் முனையால் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கிக் குத்துங்கள். முன் கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். அது இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. எளிதில் உடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

புனேயில் வேதாள் குன்றின் மேல் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.ஆர்.ஏ.ஐ. என்று அதைச் சொல்வார்கள். 1966-இல் தொடங்கியது. வண்டிகளை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற தர விதிகளையும் அந்த நிலையம் அச்சிட்டு வெளியிடுகிறது.

அப்படி வந்த ஒரு விதி 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகு செய்யப்படும் கார்களில் சென்ட்ரல் லாக் இருந்தால், மின்சாரம் போனாலும் கையால் திறக்க வழி இருக்க வேண்டும். அதே நாள் முதல் புதிதாக வரும் வாடகைக் கார்களில் குழந்தைப் பூட்டு இருக்கக் கூடாது என்றும் விதி வந்தது. தனியாகப் போகும் பெண்களின் பாதுகாப்புக்காகவே இந்த விதி.

வாடகைக் காரில் ஏறும்போது பின்கதவின் ஓரத்தைப் பாருங்கள். உட்கார்ந்ததும் கார் புறப்படும் முன் ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் டிரைவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பேச்சியம்மாள் ஊருக்குப் புறப்படும் நாள் வந்தது. ரயில் நிலையத்துக்குப் போகக் காரில் ஏறினார்கள்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றார் பேச்சியம்மாள். பேரனை முன்சீட்டுக்குப் போகச் சொன்னார். கதவைப் பூட்டச் சொன்னார். பேரன் கைப்பிடியை ஒருமுறை இழுத்தான். மறுபடி இழுத்தான். கதவு திறந்தது.

"இப்போது வண்டியை எடு" என்றார்.

நினைவில் கொள்வோம்

1. பூட்டத் தெரிந்தால் போதாது. திறக்கவும் தெரிய வேண்டும்.
2. ஒரு நிமிடம்கூடக் குழந்தையைக் காரில் தனியே விடக் கூடாது.
3. நின்றிருக்கும் காரைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும்.
4. மாட்டிக்கொண்டால் ஹாரனை அமுக்க வேண்டும்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. பேச்சியம்மாள் இழுத்த கதவு ஏன் திறக்கவில்லை?
2. வெள்ளத்தில் கதவைத் தள்ள முடியாமல் போவது ஏன்?
3. வாடகைக் காரில் ஏறியதும் என்ன பார்க்க வேண்டும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. முன்கதவுகளுக்கு ______ பூட்டு கிடையாது.
2. அவசர உதவிக்கு அழைக்கும் எண் ______.

இ. பேசுங்கள்.
உங்கள் தெருவில் நிற்கும் கார்கள் பூட்டியிருக்கின்றனவா? இந்தப் பாடத்தை யாருக்கெல்லாம் படித்துக் காட்டலாம்?