பச்சைக் கூட்டில் மஞ்சள் குஞ்சு
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

திருவெண்ணெய்நல்லூரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகரைத்தான் காட்டுவார்கள். உண்மையான காதற்பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. என் சித்தப்பா மாட்டுக் கொட்டகையோரம் வளர்ப்பது ரோஜாமுகக் காதற்பறவை; நமீபியா, அங்கோலா நாடுகளின் வறண்ட நிலத்துக்குரியது. உடல் பச்சை, முகம் இளஞ்சிவப்பு. அதன் குஞ்சுகளை விற்ற பணமும் என் தேர்வுக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு பச்சை ஜோடியின் கூட்டில் சிவந்த கண்களோடு மஞ்சள் குஞ்சு ஒன்று தோன்றியது. நோய் என்றார் சித்தி. பெட்டையின் ஒழுக்கத்தையே ஐயுற்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கூண்டில் வேறு ஆண் ஏது! ஜோடியையே வந்த விலைக்குத் தள்ளிவிடச் சித்தப்பா எண்ணினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் படித்ததை வீட்டில் சொல்ல வேண்டிய வேளை வந்தது.

இப்பறவையின் இறகில் பச்சைச் சாயம் என ஒன்றில்லை. இறகின் நுண்ணமைப்பு நீல ஒளியைச் சிதறடிக்கிறது. பின்னாலுள்ள கரிய மெலனின் மற்ற ஒளியை உறிஞ்சுகிறது. அந்நீலம் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. மெலனின் உருவாகாவிட்டால் மஞ்சளும் முகச் சிவப்பும் மட்டும் எஞ்சும். கண்ணில் இரத்தச் சிவப்பு தெரியும். இதுவே லூட்டினோ.

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. லூட்டினோ மரபணு இசட்டில் இருக்கிறது, ஒடுங்கு பண்பு. ஆணின் ஒரு இசட்டில் மட்டும் இருந்தால் மற்றது மறைத்துவிடும். அவன் பச்சையாகவே திரிவான். அவன் மகள்களில் பாதிப்பேருக்கு அது போய்ச் சேரும். மறைக்க வேறு இசட் இல்லாததால் மகள் மஞ்சளாவாள். மகனுக்கோ பச்சைத் தாயின் நல்ல இசட் கிடைத்துவிடும். ஆகவே பச்சைப் பெற்றோரின் லூட்டினோக் குஞ்சு பெட்டையே. ஆணும் பெட்டையும் ஒன்றுபோலிருக்கும் இவ்வினத்தில் இது பெரிய லாபம். இரண்டு பெட்டைகளை 'ஜோடி' என வாங்கிக் கூமுட்டைகளை எண்ணியவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு.

சித்தப்பாவிடம் இசட் எடுபடவில்லை. "நம்மூர்க் கோயிலில் சுந்தரர் வழக்கு நடந்ததே, பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டியது, அப்படி ஓர் ஓலை இருப்பதே பேரனுக்குத் தெரியாது" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

புரிந்ததும் தகப்பனோடு மகளைச் சேர்க்கப் புறப்பட்டார்! சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் மஞ்சளாகும் என்பது மெய்தான். ஆனால் ஒளிந்திருக்கும் வேறு குறைகளும் உறவுக்குள் ஒன்றுகூடும். மரபணு கலவாத பச்சை ஆணை வெளியிலிருந்து கொண்டுவந்தால் முதல் தலைமுறை முழுதும் பச்சையே. மஞ்சளுக்கு அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும். காசு பிந்தி வரும் என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு விழுப்புரம் சென்று ஓர் ஆணை வாங்கி வந்தார்.

இப்போது அந்த மஞ்சள் பெட்டை தென்னங்கீற்றை நார்நாராகக் கிழித்து, இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பானைக்குள் போய் வருகிறது. முட்டையிட்டால் சுமார் 23 நாளில் குஞ்சு பொரிக்கும்.