பழைய பைக்குக்கு வெளிநாட்டுப் பாகம்: தபாலா, கூரியரா, கப்பலா?

ஓரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு தயாராகிறது. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா தொழிற்சாலை. செங்கல்பட்டுக்காரருக்கு இரண்டும் அதிக தூரமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம் போகிற பழைய ராஜ்தூத் 350-க்கோ யெஸ்டிக்கோ ஒரு பாகம் போய்விட்டால், அந்தத் தொழிற்சாலைகளில் அதற்கு மருந்து இல்லை. யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா 1996-லேயே மூடப்பட்டது. எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக்தான்; அதன் மூல வண்டியான யமஹா ஆர்.டி.350-ல் இருந்த டிஸ்க் பிரேக்கைப் பொருத்த ஆசைப்படுபவர் ஜப்பானையோ அமெரிக்காவையோதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பாகத்தின் விலையை நாலு இடத்தில் விசாரிக்கிற நம்மவர்கள், அது வந்துசேரும் வழியை விசாரிப்பதில்லை. கைக்காசு கரைவது அந்த வழியில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நமது வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின்படி, தொழிற்சாலை இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருள்களைத் தவிர மற்ற பழைய பொருள்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) அனுமதி வேண்டும். பழைய பைக் பாகம் இந்த வகையில்தான் விழும். அதே நேரத்தில், சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு பாகம் வரவழைப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். கப்பலில் வருவதற்கு இந்தத் தலைப்பு பொருந்தாது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். ஒரே மாதிரி நான்கு சிலிண்டர் பிளாக் ஒரு பெட்டியில் வந்தால் சொந்த உபயோகம் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். பறிமுதல், மீட்புத் தொகை, அபராதம் என்று அது நீளும்.

விற்பவர் நல்லெண்ணத்தில், “கிஃப்ட் என்று எழுதி அனுப்பட்டுமா?” என்று கேட்பார். வேண்டவே வேண்டாம். 2019 டிசம்பர் 12 முதல், உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர வேறெதையும் முழுத் தீர்வை கட்டாமல் அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. விலையைக் குறைத்து எழுதுவதும் அப்படியே: பெட்டி தொலைந்தால் இழப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

இனி வழிகள். சிறிய, கனமான பாகங்களுக்கு என் முதல் தேர்வு தபால். கார்பரேட்டர், ஸ்பீடோமீட்டர், லீவர், பாயிண்ட் செட், ரீட் வால்வு எல்லாம் ஒரு சாண் பெட்டிக்குள் அடங்கும். ஜப்பானிலிருந்து இ.எம்.எஸ். தபாலுக்கு உண்மையான எடைக்குத்தான் கட்டணம். பெட்டியின் பருமனைப் பார்ப்பதில்லை. தீர்வையை நம் தபால் நிலையத்தில் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். குறை என்னவென்றால், சுங்கத்தில் பெட்டி நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது என்பது எளிதில் பிடிபடாது. பில்லும் பணம் செலுத்திய சான்றும் கேட்டு ஒரு கடிதம் வரக்கூடும். அதை ஓரமாக வைத்துவிட்டு மறந்தால் பெட்டி வந்த வழியே திரும்பிவிடும்.

கூரியர் வேகமானது, சுங்க வேலையையும் அவர்களே பார்ப்பார்கள்; ஆதார், பான் விவரம் கேட்டால் அன்றே அனுப்பிவிடுங்கள். ஆனால் கட்டணக் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவது பரும எடை. உண்மையான எடையையும் இதையும் வைத்து எது கூடுதலோ அதற்குக் காசு. ஒரு பெட்ரோல் டேங்க்கை 60, 35, 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் பரும எடை 12.6 கிலோ. டேங்க்கின் சொந்த எடை அதில் பாதிகூட இருக்காது. உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான் பாதிக்கும் மேல் பணம் கட்டுகிறீர்கள். சைலன்சரும் அப்படித்தான். ஒரு மீட்டர் நீளம், 20க்கு 20 பெட்டி என்றால் 8 கிலோ.

ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. விமானத்தில் வரும் பொருளின் மதிப்பைக் கணக்கிடும்போது, அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சுங்கம் சேர்க்கக் கூடாது. 10,000 ரூபாய் பாகத்துக்கு 6,000 ரூபாய் கூரியர் செலவு என்றால், தீர்வைக் கணக்கில் 2,000 மட்டுமே சேரும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 பைசா. ஆக மதிப்பு 12,112.50. அதன் மேல் அடிப்படைத் தீர்வை. அந்தத் தீர்வையில் பத்தில் ஒரு பங்கு சமூகநல சர்சார்ஜ். எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், பணம் அனுப்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கூரியர் ரசீதில் இந்த வரிசை சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான். சென்னையிலேயே பெட்டி நின்றிருந்தால் செங்கல்பட்டிலிருந்து பீச் ரயிலில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி நேரில் போய் விசாரிக்கலாம். டெல்லியிலோ மும்பையிலோ நின்றால் போனும் மின்னஞ்சலும்தான் கதி. அதனால், பெட்டி எந்த ஊரில் சுங்கம் முடித்து வரும் என்பதை அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள்.

விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்று சில பாகங்கள் உண்டு. பெட்ரோல் வாடை அடிக்கும் டேங்க், கார்பரேட்டர். எண்ணெய் வடிக்காத எஞ்சின். நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக் அப்சார்பர். இவை அபாயப் பொருள் விதிக்குள் வரும். கார்பரேட்டரைப் பொறுத்தவரை விற்பவரிடம் திட்டமாகச் சொல்லுங்கள்: மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டுகளைத் தனியே எடுத்துக் கழுவி, ஒருநாள் முழுக்கக் காற்றாட விட்டு, அப்புறம் மூட வேண்டும். மேலே துடைத்தால் மட்டும் போதாது. அடிக்கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் பழைய பெட்ரோல் தங்கியிருந்தாலும் பெட்டி ஸ்கேனிங்கிலேயே ஒதுக்கப்படலாம். அலுமினிய பிளாக் வாங்கினால், காற்றுக் குளிர்விப்புக்கான விளிம்புகளுக்கு நடுவே அட்டையோ மரக்கட்டையோ செருகச் சொல்லுங்கள். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த விளிம்புதான். உடைந்ததை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டலாம், பழைய அழகு திரும்பாது.

கப்பல் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபருக்கு அது மலிவே அல்ல. பங்குக் கன்டெய்னரில் பெரும்பாலும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் போடுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் டெலிவரி ஆர்டர், கன்டெய்னர் நிலையக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி, இலவச நாள்கள் கழிந்தால் டெமரேஜ் என்று ஒவ்வொன்றாக வரும். மரப்பெட்டியில் ஐ.பி.பி.சி. முத்திரை இல்லையென்றால் தாவரப் பாதுகாப்புத் துறை நிறுத்திவிடும். 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை விற்றுவிடச் சுங்கச் சட்டத்தில் இடமுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 9804 இங்கே கைகொடுக்காது. முழு எஞ்சினையோ சேஸிஸையோ கப்பலில் வரவழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: உரிமமும் ஏஜென்ட்டும் இல்லாமல் இறங்காதீர்கள்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் அண்ணனோ மாமாவோ ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவது நான்காவது வழி. அவர்களுடைய தீர்வையில்லாச் சலுகை 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது. 2026-ல் 75,000 ஆகியிருக்கிறது. அந்தச் சலுகை பயணியின் சொந்தப் பொருள்களுக்கானது என்பதால், ஒருவர் பெட்டியில் ஒரு பாகம், அதன் பில்லோடு என்பது நியாயமான அளவு. உறவு முறையைச் சொல்லி பத்துக் கிலோ இரும்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் மலேசியாவின் ஆர்.எக்ஸ்.இசட், இந்தோனேசியாவின் ஆர்.எக்ஸ்.கிங் பாகங்களைக் கேட்டு வாங்குவதுண்டு. பெயர் ஒத்திருப்பதாலேயே எல்லாம் செட் ஆகிவிடாது. பார்ட் நம்பரைப் பார்த்த பிறகே சொல்லி அனுப்புங்கள்.

கிராங்க் கேஸ் விஷயத்தில் மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். எஞ்சின் எண் பொறித்திருப்பது அதில்தான். வெளிநாட்டு எண்ணோடு வரும் கேஸை மாட்டிவிட்டு டி.என்.19 வண்டியின் ஆர்.சி.யோடு போனால் எண் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். எண்ணை அழித்துப் புதிதாக அடிப்பது குற்றம்.

பாகம் வந்தபிறகும் ஒரு வேலை உண்டு. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. பெட்டியைப் பிரித்த அன்றே குரோம் ரிம்முக்கும் ஃபோர்க் குழாய்க்கும் எண்ணெய் தடவி வையுங்கள்.

என் தீர்ப்பு இது. புதிதாகச் செய்த மாற்றுப் பாகம் கிடைத்தால் பழையதை வெளிநாட்டில் தேடாதீர்கள். புதியதற்கு அந்தச் சட்டச் சிக்கலே இல்லை. சைலன்சர், டேங்க், மட்கார்டு போன்ற பெரிய தகரப் பொருள்களுக்கு முதலில் சென்னை புதுப்பேட்டையில் அலையுங்கள், டிங்கரிங் செலவு சேர்த்தாலும் கூரியரைவிடக் குறைவாகவே முடியும். இங்கே எங்கும் கிடைக்காத, கைக்கு அடங்கும் பாகத்தைத் தபாலில் வரவழையுங்கள், அவசரமென்றால் கூரியர். உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், தீர்வையைக் கணக்கில் சேர்த்த பிறகே ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துங்கள்.