வளர்ப்புப் பிள்ளையிடம் மறைக்கலாமா?

பிள்ளைப் பாக்கியம் இல்லாதவர்கள் உறவினர் குழந்தையையோ அநாதைக் குழந்தையையோ எடுத்து வளர்ப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல. அதில் நன்மை மிகுதி. ஆனால் பெற்றவர் யார் என்பதைப் பலரும் பிள்ளையிடம் மறைத்துவிடுகின்றனர். தெரிந்தால் நம்மை விட்டுப் போய்விடுமே என்ற அச்சம்!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அந்தப் பெண் உண்மையை அறிந்ததே தன் நிக்காஹ் மஜ்லிஸில்தான். தப்தரில் எழுதத் தகப்பனார் பெயரையும் வலீ யார் என்பதையும் காஜியார் கேட்க, வளர்த்தவர் தலைகுனிந்தார். வளர்த்தவர் வலீயாக முடியாதல்லவா? செய்தி உள்ளறைக்குப் போயிற்று. மணக்கோலத்தில் இருந்தவள், "அப்படியானால் நீங்கள் எனக்கு யார்?" என்றாள். வளர்த்த உம்மாவுடன் பல மாதங்கள் அவள் பேசவில்லை.

ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சிறுவயதில் பிடித்துச் செல்லப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகி (ரலி) மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். தந்தை ஹாரிஸா தேடி வந்தபோது, போவதும் இருப்பதும் அவர் விருப்பத்திற்கே விடப்பட்டது. பெற்ற தந்தையை எதிரில் வைத்துக்கொண்டே அவர் நபியவர்களைத் தேர்ந்தெடுத்தார். உண்மை தெரிந்தால் அன்பு போய்விடும் என்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும். 'ஸைத் இப்னு முஹம்மத்' என அழைக்கப்பட்டவர், அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-வது வசனத்திற்குப் பின் மீண்டும் 'இப்னு ஹாரிஸா' ஆனார். மாறியது பெயர்தான். ஹிஜ்ரி 8-ல் மூத்தா போருக்கு அவரையே தளபதியாக அனுப்பினார்கள். அவர் ஷஹீதானதை அறிவிக்கையில் நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன.

ஆகவே கதை கேட்கும் வயதிலேயே சொல்லிவிடுங்கள். மூஸா நபி (அலை) ஆஸியா அம்மையாரிடம் வளர்ந்த வரலாறு இருக்கிறதே! குழந்தையைப் பிரிந்த மூஸா நபியின் தாயாரின் உள்ளம் வெறுமையானதை அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. பிள்ளையைக் கொடுத்த தாய்க்கும் அந்த நோவு உண்டு. அவளைப் பற்றி வீட்டில் இழிவாகப் பேசாதீர்கள்.

இன்னொரு மனவேதனை, பிள்ளை பருவமடைந்ததும் திடீரென வரும் பர்தா. இரண்டு வயதுக்குள் பாலூட்டினால் மஹ்ரம் உறவு ஏற்படும்: ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை, ஹனஃபியில் ஒரு தடவை. ஆண் குழந்தைக்கு வளர்ப்பவளோ அவள் சகோதரியோ, பெண் குழந்தைக்குக் கணவரின் சகோதரியோ பாலூட்டலாம். ஆலிமிடம் கேட்டுச் செய்க.

வாடகைத்தாய் முறையை 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் சபை தடுத்துள்ளது. கூலிக்குச் சுமப்பதை இந்தியாவின் 2021-ம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. 'மலடி' என்ற ஏச்சுத் தாங்காமலே சில பெண்கள் அந்த வழியைத் தேடுகின்றனர். முதலில் மாமியார்மார் நாவை அடக்கட்டும். அவ்வாறு பிறந்துவிட்ட குழந்தை மீது எந்தக் குற்றமும் இல்லை.

வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்யலாம், உயிருடன் இருக்கையிலேயே ஹிபாவாகவும் கொடுக்கலாம். அதை எழுதி, பிள்ளைக்கும் சொந்தபந்தங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மவுத்து வீட்டில் அந்தப் பேச்சு எழ வேண்டாம்.