கணிப்பொறிப் பராமரிப்பைப் பிறரிடம் ஒப்படைத்தல்: தீவு அலுவலகங்கள் கவனிக்க வேண்டியவை

கூட்டுறவுச் சங்கமோ, வணிக நிலையமோ, சுகாதார நிலையமோ, பள்ளியோ கணிப்பொறிகளை வாங்கி அமைத்த பின்னர் அவற்றைப் பேணும் பணி தொடங்குகின்றது. மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல், வைரஸ் புகாது தடுத்தல், பதிவேடுகளுக்கு நகல் எடுத்து வைத்தல், வலைப்பின்னல் தடைப்படின் சீர்செய்தல், புதிய ஊழியர்க்குக் கடவுச்சொல் வழங்குதல் ஆகியன அப்பணியில் அடங்கும். இவற்றுக்கெனத் தனி வல்லுநரை அமர்த்துதல் சிறிய அலுவலகத்திற்கு இயலாது. ஆகவே, மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ பெற்றுக்கொண்டு இவ்வேலைகளைத் தொடர்ந்து செய்துதரும் நிறுவனத்திடம் அவற்றை ஒப்படைக்கும் வழக்கம் பரவியுள்ளது. இத்தகைய நிறுவனத்தைப் பராமரிப்புச் சேவை நிறுவனம் எனலாம். பழுது நேர்ந்தபின் அழைக்கப்படுபவர் பழுதுபார்ப்பவர். பழுது நேராவண்ணம் நாள்தோறும் கண்காணிப்பது சேவை நிறுவனத்தின் தொழில்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இம்முறை எவ்வளவு பயன்தரும், எவ்வேலைகளை ஒப்படைக்கலாம், எவற்றை அலுவலகமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

முறையின் வரலாறு

பிறருடைய கணக்கு வேலைகளைக் கணிப்பொறியின் வாயிலாகச் செய்துதருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களுள் முன்னோடி, 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ராஸ் பெரோ என்பவர் தொடங்கிய எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் ஆகும். இந்தியாவில் இத்தேவை வேறொரு வகையில் எழுந்தது. நம் நாட்டின் பல அலுவலகங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிகள் இயங்கிவந்தன. அந்நிறுவனம் 1978இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. அதற்கு முன்னரே, 1975இல், மத்திய அரசாங்கம் கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தியிருந்தது. ஐ.பி.எம். விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை அது ஏற்றது. பின்னாளில் சி.எம்.சி. எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம், 2001இல் டாட்டா குழுமத்தின் வசமாகி, 2015இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸுடன் இணைந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. பேணுபவர் என்றேனும் விலகக்கூடும். பெயரும் உரிமையும் மாறக்கூடும். அவர் விலகிய மறுநாளும் அலுவலகம் இயங்கவேண்டும். ஒப்பந்தம் எழுதும் பொழுதே இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தீவுகளின் தனி நிலை

தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரம், 2024 வரையில் போர்ட் பிளேர் என வழங்கியது. சென்னையிலிருந்து அது 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. கப்பற் பயணத்திற்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். தலைநகரிலிருந்து பெரிய நிக்கோபாரின் கேம்பெல் விரிகுடா மேலும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தெற்கே அமைந்துள்ளது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் மின்கருவிகளை விரைவில் அரிக்கின்றன. இத்தீவுகள் நில அதிர்ச்சிக்கு மிகுதியும் உட்பட்ட பகுதியிலும் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோள் கார் நிக்கோபார் முதலிய தீவுகளில் விளைத்த அழிவை எவரும் மறந்திலர்.

நெடுங்காலம் இத்தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக் கோளையே நம்பியிருந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குச் சென்று மீளும் அலை 72,000 கிலோமீட்டர் கடக்கிறது. வினா ஒருமுறையும் விடை ஒருமுறையும் இவ்வழியே செல்ல ஏறத்தாழ அரை விநாடி ஆகும். கோள் வழியே கிடைத்த கொள்ளளவும் சிறிது. சென்னையில் அமர்ந்துள்ள வல்லுநர் தீவிலுள்ள கணிப்பொறியைத் தம் திரையிற் கண்டு சீர்செய்வது அந்நிலையில் கடினமாயிருந்தது.

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட கடலடி ஒளியிழை வடம் இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் பொறுப்பில் அமைக்கப்பட்டது. அது சென்னையைத் தலைநகருடனும், ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களுடனும் இணைக்கின்றது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னைக்கும் தலைநகருக்கும் இடையே ஒரு செய்தி விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் சென்றுவிடும். தொலைவிலிருந்து பேணும் முறை தீவுகளில் நடைமுறைக்கு ஏற்றதானது இதனாலேயாம். ஆயினும், செய்திதான் விரைந்து செல்கிறது. மாற்று உறுப்பு முன்போலவே கப்பலிலோ விமானத்திலோ வந்தாகவேண்டும்.

சதவீதத்தின் பொருள்

ஒப்பந்தங்களில், "சேவை 99 சதவீத நேரம் கிடைக்கும்" என்பன போன்ற உறுதிமொழிகள் காணப்படும். இவை உயர்ந்தனவாகத் தோன்றினும், மணிக்கணக்கில் மாற்றிப் பார்த்தல் நலம். ஆண்டுக்கு 8,760 மணி. 99 சதவீதம் என்றால் 87 மணி 36 நிமிடம் சேவை நின்றாலும் உறுதிமொழி மீறப்படவில்லை. 99.5 சதவீதம் எனில் 43 மணி 48 நிமிடமும், 99.9 சதவீதம் எனில் ஏறத்தாழ 8 மணி 46 நிமிடமும் நிற்கலாம். அரை சதவீத வேறுபாடு அலுவலகத்தின் பல வேலைநாட்களுக்கு ஈடாகும்.

இரண்டாவதாக, பதிலளிக்கும் நேரம் வேறு, சீராக்கும் நேரம் வேறு. "ஒரு மணி நேரத்தில் பதிலளிக்கப்படும்" என்னும் வாசகத்தின்படி, தொலைபேசியில் புகாரைப் பதிவு செய்துகொண்டாலே கடமை நிறைவேறியதாகும். கமோர்ட்டாவிலுள்ள சுகாதார நிலையத்தில் சர்வரின் மின்வழங்கி எரிந்துபோயின், உரிய பதில் ஐந்து நிமிடத்தில் வரலாம். உறுப்பு வந்து சேர ஒரு வாரமும் ஆகலாம். ஆதலால் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளைத் தீவிலேயே இருப்பு வைக்கவேண்டும் என்பதையும், சீராக்குவதற்குரிய நேர வரம்பையும் ஒப்பந்தத்தில் எழுதுதல் இன்றியமையாதது. வடம் அறுந்து சேவை நின்ற நேரம் கணக்கில் சேருமா என்பதையும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள்

பல அலுவலகங்கள் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும்போது, அந்நிறுவனத்திற்கு நேரும் கேடு அனைவரையும் தாக்கும். 2021 ஜூலை 2ஆம் நாள், சேவை நிறுவனங்கள் தொலைவிலிருந்து கணிப்பொறிகளைப் பேணுதற்குப் பயன்படுத்திய கசேயா என்னும் மென்பொருளின் வழியே பிணைப்பணம் கேட்கும் வைரஸ் பரவியது. சுவீடனில் கூப் என்னும் பல்பொருள் அங்காடியின் ஏறத்தாழ 800 கடைகள் மூடப்பட்டன. கசேயாவுடன் அவ்வங்காடிக்கு நேர்த்தொடர்பு இல்லை. அதன் பணம்பெறும் பொறிகளைப் பேணிய நிறுவனத்தின் வழியாகவே தீங்கு வந்தது. இந்தியாவிலும் 2024 ஜூலை இறுதியில், சிறிய வங்கிகளுக்குச் சேவையளிக்கும் சி-எட்ஜ் நிறுவனத்தை இத்தகைய வைரஸ் தாக்கிற்று. தேசியப் பணவழங்கீட்டுக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்ததால் ஏறத்தாழ 300 கூட்டுறவு வங்கிகளும் ஊரக வங்கிகளும் பாதிக்கப்பட்டன.

அதே மாதம் 19ஆம் நாள் நேர்ந்த நிகழ்ச்சி தீவுகளுக்கு மேலும் பொருந்துவது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் செயலற்றன. இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித்தர நேர்ந்தது. பல பொறிகள் தொடங்கவே மறுத்தமையால் அவற்றைத் தொலைவிலிருந்து சீர்செய்ய இயலவில்லை. ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, பிழையான கோப்பை நீக்கவேண்டியிருந்தது. தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்த பொறிகளுக்கு மீட்புக் குறியெண்ணும் தேவைப்பட்டது. அத்தகைய நாளில், குறியெண்ணைக் கையில் வைத்திருக்கும், முதற்சீரமைப்பு அறிந்த ஊழியர் ஒருவர் அந்தந்தத் தீவிலேயே இருத்தல் வேண்டும்.

அலுவலகம் கைவிடலாகாதவை

துறைமுகத்திற்குள் கப்பலைச் செலுத்த உள்ளூர் நீரோட்டம் அறிந்த வழிகாட்டி ஏறுவதுண்டு. அவர் ஏறிய பின்னும் கப்பலின் தலைவர் தம் பொறுப்பினின்று நீங்குவதில்லை. கணிப்பொறிப் பராமரிப்பிலும் இதுவே முறை. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இக்கொள்கையையே கூறுகின்றது. தரவுகளைத் திரட்டியவரே, தம் சார்பில் பிறர் அவற்றைக் கையாளும்போதும் பொறுப்பாளர் ஆவார். கடவுச்சீட்டு வழங்கும் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, கணிப்பொறி அமைப்பையும் விண்ணப்பங்களைப் பெறும் வேலையையும் தனியார் நிறுவனம் நடத்துகின்றது. விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கடவுச்சீட்டு வழங்க முடிவுசெய்பவர் அரசாங்க அலுவலரே.

சிறிய அலுவலகம் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டியவை வருமாறு:

1. பொறிகள், மென்பொருள்கள், உரிமங்கள் ஆகியவற்றின் முழுப் பட்டியல்.

2. தலைமைக் கடவுச்சொற்களும் மீட்புக் குறியெண்களும். இவற்றை முத்திரையிட்ட உறையில் அலுவலகத் தலைவர் பாதுகாத்தல் வேண்டும்.

3. பதிவேடுகளின் நகல்கள். ஒன்று அலுவலகத்திலும், மற்றொன்று வேறு தீவிலோ தாய்நிலத்திலோ இருத்தல் வேண்டும். கடற்கோள் வந்தால் ஒரே கட்டிடத்திலுள்ள இரு நகல்களும் ஒருங்கே அழியும்.

4. நகலிலிருந்து பதிவேட்டை மீட்டெடுக்கும் ஒத்திகை. மீட்டுப் பார்க்காத நகலை நம்புதற்கில்லை.

5. ஒப்பந்தம் முடியும்போது தகவல்கள் அனைத்தையும், பிற நிறுவனமும் படிக்கத்தக்க வடிவில், திரும்பப் பெறும் உரிமை.

6. விபத்துகளை அறிவிக்கும் கடமை. 2022 ஏப்ரல் 28ஆம் நாளைய உத்தரவின்படி, குறிப்பிடப்பட்ட வகையைச் சார்ந்த கணிப்பொறிப் பாதுகாப்பு விபத்துகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும்.

இவ்வாறும் உள்ளனவாயின், அன்றாட உழைப்பைச் சேவை நிறுவனத்திடம் விடுவதால் இழப்பில்லை. நன்மை மிகுதியும் உண்டு. இவை இல்லாத அலுவலகத்தில், நிறுவனம் விலகும் நாளில் நோயாளியின் மருந்துக் குறிப்பும், உறுப்பினரின் சேமிப்புக் கணக்கும், மாணவரின் மதிப்பெண் பட்டியலும் கிடைக்காமற் போகக்கூடும்.

பயிற்சி

1. 30 நாள் கொண்ட மாதத்தில் 99 சதவீதச் சேவைக்கு உறுதியளித்த நிறுவனத்தின் சேவை 10 மணி நேரம் நின்றது. உறுதிமொழி எத்தனை மணி நேரத்தால் மீறப்பட்டது?

2. செயற்கைக் கோள் வழியாகவும் கடலடி வடம் வழியாகவும் செய்தி செல்லும் காலத்தை ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணம் கூறுக.

3. தங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள கணிப்பொறிகளுக்குப் பட்டியல் ஒன்று தயாரித்து, ஒவ்வொன்றின் கடவுச்சொல்லும் நகலும் எவர் பொறுப்பில் உள்ளன என்று குறிக்கவும்.